துப்பாக்கி உரிமமும் தேய்ந்த பாகங்களும்

தோட்டப்புற மக்கள் கைவேலையில் தேர்ந்தவர்கள். பால்வெட்டும் கத்தி மழுங்கினால் தீட்டிக் கொள்கிறோம். மிதிவண்டிச் சங்கிலி அறுந்தால் கோத்துக் கொள்கிறோம். மருந்தடிக்கும் பம்பு அடைத்துக் கொண்டால் கழற்றிக் கழுவிப் பூட்டுகிறோம். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பணம் கொடுப்பதற்கு முன் நம் கையால் ஆவதைச் செய்து பார்ப்பது நம்மிடையே ஊறிய வழக்கம். அது போற்றத்தக்க வழக்கமே.

ஆனால், இந்த வழக்கத்துக்கு உட்படாத கருவி ஒன்று உண்டு. அதுவே துப்பாக்கி. உரிமம் பெற்ற துப்பாக்கியாயினும், அதன் ஒரு சிறு பாகம் தேய்ந்து போனால் அதனை விரும்பியவாறு செப்பனிடவோ, விரும்பிய இடத்தில் மாற்றுப் பாகம் வாங்கிப் பொருத்தவோ உரிமையாளருக்கு உரிமையில்லை. இதனை அறியாத ஒருவர், கெட்ட எண்ணம் சிறிதுமின்றியே சிறைவாசலை மிதிக்க நேரலாம். ஆகவே இது குறித்துத் தெளிவாக அறிந்து கொள்வது நலம்.

பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும், துண்டாடப்பட்ட சிறு நிலங்களாகவும் மாறிவிட்டன. காட்டோரத்து நிலங்களில் காட்டுப்பன்றித் தொல்லை தீர்ந்தபாடில்லை. மரவள்ளியும் வாழையும் இளஞ்செம்பனைக் கன்றுகளும் ஒரே இரவில் அழிந்து போவதைக் கண்டவர்கள் நம்முள் பலர். இதன் பொருட்டுச் சிறு நிலவுடைமையாளர் சிலர் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். காவல் வேலை பார்ப்போர் சிலர் முதலாளியின் துப்பாக்கியைக் கையாள்கின்றனர். இவ்விரு சாராருக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் இக்கட்டுரை பயன்படும்.

சட்டம் கடுமையானது ஏன்?

நம் நாட்டின் துப்பாக்கிச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக உள்ளது என்று கேட்போர்க்கு விடை, பேராக்கின் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் அதனை அடுத்த மற்றொரு தோட்டத்திலுமாக ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. சட்டத்துக்கு மாறாக ஆயுதம் வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தமிழர் இன்றும் மறவாத நிகழ்ச்சி அது. கம்பி வேலிக்குள் லயங்கள் அடைபட்டிருந்த அந்நாள்களைப் பற்றி முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்டதே ஆயுதச் சட்டம். 206ஆம் சட்டம் என இன்று வழங்கும் இதுவே, யார் துப்பாக்கி வைத்திருக்கலாம், யார் விற்கலாம், யார் செப்பனிடலாம் என்பதை வரையறுக்கிறது. இதற்குப் பின்னும் ஆயுதமேந்திய கொள்ளைகளும் கொலைகளும் நிகழ்ந்தன. ஆகவே 1971ஆம் ஆண்டில் சுடுகலன்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் கொண்டு வரப்பட்டது. 1975 நவம்பர் 13ஆம் நாள் பேராக் மாநிலக் காவல் துறைத் தலைவர் டான் ஸ்ரீ கூ சோங் கோங் ஈப்போ நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாநிலத்தின் காவல் தலைவருக்கே நகர நடுவில் அக்கதி நேர்ந்த காலம் அது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்நாளில் துப்பாக்கி வைத்திருந்தோர்க்கு விதிக்கப்பட்ட தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு சான்று போதும். 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆயினும் மேலே கூறிய 1960, 1971ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இன்றும் நடைமுறையில் உள்ளன.

தண்டனைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆயுதச் சட்டத்தின்கீழ், உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சுடுகலனைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளை போன்ற குற்றங்களின்போது சுடுவோர்க்கு முன்னர் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை மாதம் முதல் அக்கட்டாயம் நீங்கியது. எனினும் மரண தண்டனைக்கு மாற்றாக நீதிமன்றம் விதிக்கக் கூடியது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் ஆகும். ஆகவே சட்டம் இளகிவிட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டா.

பாகமும் ஆயுதமே

இனி, நாம் முக்கியமாகக் கூற வந்த செய்திக்கு வருவோம். 'ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டும் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. துப்பாக்கியின் உறுப்பாக அமையும் பாகத்தையும் ஆயுதம் என்னும் சொல்லுக்குள்ளேயே ஆயுதச் சட்டம் அடக்குகிறது. காற்றுத் துப்பாக்கியும் அதனுள் அடங்கும்.

இதன் பொருள் என்ன? குழல் தனியாக இருந்தாலும், விசைப் பகுதி தனியாக இருந்தாலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மெகசின் தனியாக இருந்தாலும், அதனை வெறும் இரும்புத் துண்டு என்று தள்ளிவிட முடியாது. மிதிவண்டியின் பழைய சக்கரத்தைக் கூரைக்கு அடியில் செருகி வைப்பதுபோல் துப்பாக்கியின் பழைய பாகத்தை வைத்திருக்க இயலாது. உரிமம் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கே வழங்கப்படுகிறது. அத்துப்பாக்கியோடு சேராத பாகம் ஒன்று வீட்டில் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கூற வேண்டிய பொறுப்பு வீட்டாரைச் சாரும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் பாகங்களை ஆயுதத்தோடு சேர்த்தே கூறுகிறது. அங்கும் துப்பாக்கியைத் தொழிலாகச் செப்பனிடுவோர் தனி உரிமம் பெற்றாக வேண்டும். ஆகவே இது நம் நாட்டில் மட்டும் உள்ள கட்டுப்பாடு அன்று.

மெகசின் ஏன் தேய்கிறது?

நம் வட்டாரத்தில் 'செனாப்பாங் பாத்தா' என வழங்கும் மடக்குத் துப்பாக்கிக்கு மெகசின் கிடையாது. குழலை மடக்கித் திறந்து, ஒன்றோ இரண்டோ தோட்டாக்களைக் கையால் இட்டு மூடுவது அதன் முறை. 'பம்ப்' துப்பாக்கி எனப்படும் அடுத்தடுத்துச் சுடும் வகையில், குழலுக்கு அடியில் மற்றொரு குழாய் உள்ளது. தோட்டாக்கள் அதனுள் வரிசையாக நிற்கும். அதுவே அதன் மெகசின். அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் ஏந்திய லீ என்ஃபீல்டு ரைபிளில், பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் தகரப் பெட்டி ஒன்று அடியில் பொருத்தப்பட்டிருக்கும். அதுவும் மெகசினே.

வடிவம் எதுவாயினும் வேலை ஒன்றே. உள்ளே சுருள்வில் ஒன்று உண்டு. அது தோட்டாக்களை இடைவிடாது தள்ளிக் கொண்டிருக்கும். ஒரு தோட்டா வெளியேறியதும் அடுத்தது அதன் இடத்துக்கு வந்து நிற்கும். அந்தச் சுருள்வில் தளர்ந்தாலோ, பெட்டியின் வாய் விரிந்தாலோ, குழாயில் நசுங்கல் ஏற்பட்டாலோ தோட்டா ஒழுங்காக ஏறாது. பாதியில் சிக்கிக் கொள்ளும். சிக்கிய தோட்டாவைப் பதற்றத்தில் எடுக்க முயலும்போது துப்பாக்கி வெடிக்கும் அபாயம் உண்டு.

நம் தட்பவெப்பம் இரும்புக்குப் பகை. ஆண்டு முழுதும் ஈரம். மழை ஓய்ந்தாலும் புழுக்கம் ஓயாது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் ஆவியும் இரும்பை அரிக்கும். ஆகையால் பால் கொட்டகைக்கும் அமிலக் கிடங்குக்கும் அருகில் துப்பாக்கியை வைக்கலாகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல நாள் எடுக்காமல் சாத்தி வைத்த துப்பாக்கியின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அடைபட்ட குழலோடு சுட்டால் குழலே வெடித்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கக் கூடும்.

துடைப்பதும், எண்ணெய் இடுவதும், ஈரம் படாமல் காப்பதும் உரிமையாளரின் கடமை. அதில் தடையேதும் இல்லை. பாகத்தை மாற்றுவதும், புதிதாகச் செய்வதும், அறுப்பதும், பற்றவைப்பதும் வேறு. துப்புரவு செய்வது எங்கே முடிகிறதோ அங்கேயே நம் கைவேலையும் முடிந்துவிட வேண்டும்.

நண்பர் செய்யும் உதவி

ஒரு சிறு நிலக்காரரை எடுத்துக் கொள்வோம். பன்றிக்காக உரிமம் பெற்ற பம்ப் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. மெகசின் சுருள்வில் தளர்ந்துவிட்டது. பக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர் கெட்டிக்காரர், நெடுநாளைய நண்பர். 'இது என்ன பெரிய வேலை, கொண்டு வா, நான் சரி செய்து தருகிறேன்' என்கிறார். நிலக்காரர் அன்று மாலை வேலையாக இருந்தமையால் தம் மகனிடம் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிறார். பட்டறைக்காரர் பழைய சுருள்வில்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தித் தருகிறார். காசும் வாங்கவில்லை.

இதில் தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணோட்டம் வேறு. உரிமம் தந்தையின் பெயரில் உள்ளது. மகன் பெயரில் இல்லை. ஆகவே சாலையில் அத்துப்பாக்கியோடு சென்ற மகன், உரிமமின்றி ஆயுதம் ஏந்தியவன் ஆகிறான். செப்பனிட உரிமமில்லாத நண்பர் துப்பாக்கியைத் தம் பட்டறையில் வைத்திருந்தவர் ஆகிறார். தந்தையோ உரிமத்தையே இழக்க நேரலாம். இருபது வயது இளைஞன் ஒருவனின் பெயர் குற்றப் பதிவில் ஏறிவிட்டால், அரசாங்க வேலைக்கும் காவல் துறை வேலைக்கும் அவன் பின்னாளில் விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். சில வெள்ளி மதிப்புள்ள ஒரு கம்பிச் சுருளுக்காக ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையா அடகு வைப்பது?

செய்ய வேண்டிய முறை

துப்பாக்கியில் பழுது கண்டால் பின்வருமாறு நடந்து கொள்வது நலம்.

முதலாவதாக, துப்பாக்கியிலுள்ள தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலிலும் மெகசினிலும் ஒன்றும் இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். சிக்கிய தோட்டா வெளிவராவிடில் அதனைக் குத்தியோ தட்டியோ எடுக்க முயலாதீர்கள். துப்பாக்கியை ஆளில்லாத் திசை நோக்கி வைத்துவிட்டு, உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

இரண்டாவதாக, உரிமத்தை எடுத்துக் கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று பழுதைத் தெரிவியுங்கள். துப்பாக்கி உரிமங்களை வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல் துறைத் தலைவரிடம் உள்ளது. பேராக்கில் அவரது தலைமையகம் ஈப்போவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையில்லை. வட்டாரக் காவல் நிலையத்திலேயே கேட்டு, துப்பாக்கியை எங்கே கொண்டு செல்லலாம், எந்தக் கடிதம் தேவை என்பதைத் தெரிந்து கொள்ளலாம்.

மூன்றாவதாக, துப்பாக்கியைச் செப்பனிட உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள். அவரது உரிமத்தைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. துப்பாக்கியை நீங்களே நேரில் கொண்டு செல்லுங்கள். உறுதியான உறையில் இட்டு, தோட்டாக்களைத் தனியே வைத்து, உரிமத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தி, வண்டியில் துப்பாக்கியை விட்டுச் செல்லாதீர்கள்.

நான்காவதாக, ஒப்படைத்ததற்கான இரசீதைத் தவறாமல் பெறுங்கள். துப்பாக்கியின் எண், ஒப்படைத்த நாள், பழுதின் விவரம் ஆகியவை அதில் இருக்கட்டும். துப்பாக்கி உங்கள் வீட்டில் இல்லாத நாள்களுக்கு அந்தத் தாளே சான்று.

ஐந்தாவதாக, புதிய பாகம் பொருத்தப்பட்டால், கழற்றிய பழைய பாகத்தை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அது என்ன செய்யப்பட்டது என்பதை இரசீதில் எழுதச் சொல்லுங்கள். குழல் போன்ற எண் பொறித்த பாகம் மாறினால், உரிமத்திலுள்ள விவரமும் மாற வேண்டுமா என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

கடைசியாக, செப்பனிட ஆகும் செலவைக் கேட்டுத் தயங்கினால், மற்றொரு வழி உண்டு. மிகப் பழைய துப்பாக்கியைக் காவல் துறையிடமே ஒப்படைத்து உரிமத்தை முடித்துக் கொள்ளலாம். வெடித்துவிடும் நிலையிலுள்ள துப்பாக்கியால் பயிரைக் காக்க முயல்வதைவிட, நல்ல வேலியும் அண்டை அயலாரின் கூட்டுக் காவலும் மேல்.

காவலாளிகளுக்கு ஒரு சொல்

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ காவல் புரிவோர் கையாளும் துப்பாக்கி அவர்களுடையது அன்று. அதன் பொறுப்பு நிறுவனத்தினுடையது. தோட்டா சிக்குகிறது, விசை இறுகுகிறது என்று கண்டால் அதனைத் தாமே கழற்றிப் பார்க்க முயலலாகாது. மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவித்து, குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவசியம். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். 'பழுதான துப்பாக்கியோடு வேலைக்கு நிற்கமாட்டேன்' என்று பணிவோடு கூறுவது கீழ்ப்படியாமை ஆகாது. அது தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும் கடமை. அவ்வாறே, வேலை முடிந்ததும் துப்பாக்கியை லயத்துக்குக் கொண்டு செல்வதும், தம் இடத்தில் நிற்கும் மாற்று ஆளுக்குத் தாமாகவே கொடுப்பதும் கூடாதவை.

சில ஐயங்களும் விளக்கங்களும்

கணவர் இறந்துவிட்டார், அவர் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது? உரிமம் ஆளோடு முடிகிறது. நிலம் பிள்ளைகளுக்கு வருவதுபோல் துப்பாக்கி தானாக வருவதில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதனை மறந்துவிடுவது இயல்பே. எனினும் காலம் கடத்தாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அவர்கள் கூறியவாறு துப்பாக்கியையும் மிஞ்சிய தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட வேண்டும். பின்னர் மகன் ஒருவர் தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். உறவினரில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்று விதவைத் தாயாருக்குத் துணை நிற்பது நல்லது.

கைப்பேசி வழியே வெளிநாட்டிலிருந்து மெகசினோ சுருள்வில்லோ மலிவாக வாங்கலாமா? கூடாது. அனுமதியின்றி ஆயுதப் பாகத்தை நாட்டுக்குள் வரவழைப்பதும் குற்றமே. அஞ்சலில் வருவதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. வீட்டில் உள்ள இளைஞர்கள் இவ்வாறு எதையும் தருவிக்காமல் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இரும்புக் குழாயைக் கொண்டு நாமே ஒரு துப்பாக்கி செய்தால் என்ன? இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பது ஆயுதச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்றங்களுள் ஒன்று. பன்றி வரும் தடத்தில் கயிறு கட்டி, தானாகச் சுடும்படி துப்பாக்கியை வைக்கும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு. இலங்கையில் இத்தகைய கட்டுத்துப்பாக்கிகளால் யானைகளும் உழவர்களும் மாண்டும் ஊனமுற்றும் போகின்றனர். அதிகாலை இருளில் பால்வெட்டப் போகும் நம் பெண்களின் கால்கள் அந்தக் கயிற்றை இடறினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

துப்பாக்கி உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாமா? துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை உரிமம் வேறு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையின் விதிகளையும் பின்பற்ற வேண்டும். அத்துறையின் அலுவலகத்தில் கேட்டு அறிந்த பின்னரே இறங்க வேண்டும்.

மண்ணுக்கு அடியில் கிடைப்பவை

மறுநடவுக்காகப் பழைய ரப்பர் நிலங்களைத் தோண்டும்போது, போர்க்காலத்துக் குண்டுகளும் அவசரகாலத்துத் தோட்டாக்களும் துருப்பிடித்த துப்பாக்கிப் பாகங்களும் கிடைக்கக் கூடும். அவற்றைத் தொடாதீர்கள், தூக்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு செல்லாதீர்கள். பல ஆண்டுகள் மண்ணில் கிடந்த குண்டும் வெடிக்கும். இடத்தை அடையாளம் செய்துவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, காவல் நிலையத்துக்குச் செய்தி அனுப்புங்கள். கண்டவுடன் தெரிவிப்பவர் நாட்டுக்கு உதவுகிறார். நாளைக்குத் தெரிவிக்கலாம் என்று வீட்டில் எடுத்து வைப்பவரோ, தம் குடும்பத்தையும் ஆபத்துக்கு உள்ளாக்கிச் சட்டத்தின் பிடியிலும் சிக்கிக் கொள்கிறார்.

தோட்டப்புறத்தில் காவல் நிலையம் என்றாலே ஒதுங்கிப் போகும் மனப்பான்மை இன்னும் சிலரிடம் இருப்பதை நாம் அறிவோம். பழைய நாள்களின் அச்சம் அது. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் ஒதுங்கிப் போவதே ஆபத்து. முன்வந்து கேட்பதே பாதுகாப்பு. மலாய் மொழியில் பேசத் தயக்கமாயின், பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேட்டவர் கெட்டதில்லை.

உரிமம் என்பது அரசாங்கம் ஒரு குடிமகன்மீது வைத்த நம்பிக்கையின் அடையாளம். அந்நம்பிக்கையைக் காப்பது நம் கையில் உள்ளது. உங்கள் வீட்டில் உரிமத் துப்பாக்கி இருக்குமாயின், இவ்வாரமே உரிமத்தை எடுத்து அதன் காலக்கெடுவைப் பாருங்கள். துப்பாக்கியின் எண்ணும் உரிமத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வீட்டு முகவரி மாறியிருந்தால் அதனைத் தெரிவியுங்கள். தேய்ந்த பாகம் ஏதேனும் இருந்தால், கையை வைக்காமல் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். துப்பாக்கி இல்லாத வீட்டாரும் இச்செய்திகளை அண்டை வீட்டாருக்கு எடுத்துரைத்தால், ஒரு விபத்தையேனும், ஒரு வழக்கையேனும் தடுத்தவர்கள் ஆவர்.